திருப்பிப் போட்ட முகம்

அத்தியாயம் ஆறு

ஊரிலேயே அதிகம் பேர் பார்த்த முகம் அது. பஸ்ஸின் முதுகில், மேம்பாலத்தின் இடுப்பில், தியேட்டர் வாசலில் என்று ஆறு வருடமாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகம். மெத்தைக் கடை முதலாளியின் மனைவி. வீட்டிலேயே லட்சணமாக ஒருத்தி இருக்கும்போது வெளியிலிருந்து மாடல் எதற்கு என்று முதலாளி அவளையே விளம்பரத்தில் நிற்க வைத்துவிட்டார். அப்படிப்பட்டவள் காணாமல் போய் மூன்று வாரம் ஆகிறது. சுவருக்குச் சுவர் 'காணவில்லை' என்று போஸ்டர் ஒட்டியாயிற்று. பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஈ காக்காய் கூட வரவில்லை.

இந்த விசித்திரத்தைத் தீர்க்கத்தான் முதலாளி அரை வக்கீலைப் பிடித்திருந்தார். துப்பறிவாளருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் போலீஸ்காரர்கள். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதால் வந்தது. மீதிப் பாதியை எங்கே வைத்தீர்கள் என்று அடிக்கடி கேட்பவன் அவருடைய உதவியாளன் கொசு. ஆள் என்னவோ பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டை ஒருவனாக நிரப்புவான். காதுப் பக்கத்தில் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் கொசு.

அன்று மத்தியானம் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர் பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். கொசுவுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. போஸ்டரைத் தாண்டிப் போகிறவர்களை நிறுத்தி, இப்போது பார்த்தீர்களே அது என்ன என்று கேட்க வேண்டும். திரும்பிப் பார்த்துப் படிக்க விடக் கூடாது.

கைப்பையோடு போன ஒரு அம்மாள் மெத்தை விளம்பரம் என்றாள். கல்லூரிப் பெண்கள் இருவரும் மெத்தை என்றார்கள். நாள் பூராவும் அந்தச் சுவரைப் பார்த்தபடியே நின்று வண்டிகளை அனுப்பும் கான்ஸ்டபிள், தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் போல என்றார். கொசு வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஒருத்தர் கேக்குறாரு சார், ரெண்டு வாங்குனா தலையணை ஃப்ரீயான்னு."

"நீ என்ன சொன்ன?"

"மெத்தையே இல்ல, பொண்டாட்டியக் காணோம்னு சொன்னேன். அப்ப விலை குறைச்சுத் தருவாங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

அரை வக்கீல் சிரிக்கவில்லை. போஸ்டரையே பார்த்தார். அதே மஞ்சள். அதே முகம். 'மாபெரும் தள்ளுபடி' என்று ஆறு வருடமாக எழுதிய அதே கொழுத்த எழுத்தில் 'காணவில்லை'. மூலையில் கடையின் சின்னம், முகத்தில் பாதி அளவுக்கு. எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. ஜனங்கள் படத்தோடு போய்விடுகிறார்கள். எழுத்தை யாரும் படிக்கவே இல்லை.

கொசு தன் கண்டுபிடிப்பைச் சொன்னான். முதலாளியே ஆளைத் தீர்த்துக்கட்டிவிட்டார். அந்தச் சாக்கில் கடைக்கும் விளம்பரம் போட்டுக்கொண்டார். கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம்.

சின்னத்தைப் பெரிதாக்கச் சொன்னது முதலாளிதான் என்று அரை வக்கீலும் ஒப்புக்கொண்டார். நேற்று அவரே பெருமையாகச் சொன்னது. காணாமல் போன மனைவியைத் தேடும் போஸ்டரிலும் கடைப் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஜென்மம்தான் அவர். ஆனால் அது வெறும் அற்பத்தனம். இந்தப் போஸ்டரில் அதற்கு மேல் ஏதோ இருந்தது. அவர் கொசுவிடம் போஸ்டரில் உள்ள நம்பரைக் கூப்பிடச் சொன்னார். நம்பர், கீழே மெத்தை விரிப்பின் மடிப்புகள் மேல், வெள்ளைத் துணியில் வெள்ளையாக, முடி மாதிரி மெல்லிசாக இருந்தது. கொசு மூக்கைச் சுவரில் தேய்க்காத குறையாகப் படித்துக் கூப்பிட்டான். துணி தேய்க்கும் கடைக்காரர் எடுத்தார்.

"எட்டா மூணான்னே தெரியல சார். பூனைக்குக் கூடக் கண்ணாடி வேணும்."

"கீழ என்ன எழுதியிருக்கு, படி."

அங்க அடையாளம், இடது கன்னத்தில் மச்சம் என்று கொசு படித்தான். படத்தில் மச்சம் எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்று கேட்டார் அரை வக்கீல். கொசு இடது பக்கத்தைக் காட்டினான். அவர் அவனைப் பிடித்துத் தன் எதிரே நிறுத்தி, அவனுடைய இடது கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினார். எதிரே நிற்பவனின் இடது, பார்க்கிறவருக்கு வலது. அப்படியானால் போஸ்டரில் மச்சம் இருப்பது அவளுடைய வலது கன்னத்தில். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. அதன் முதுகில் அதே முகம், அதே சிரிப்பு. மச்சம் மட்டும் எதிர்க் கன்னத்தில்.

"படத்தைக் கண்ணாடில காட்டுன மாதிரி திருப்பிட்டாங்க," என்றான் கொசு. ரீங்காரம் குறைந்திருந்தது.

"ஏன் திருப்பணும்? பஸ்ஸைப் பாரு. முகம் நேரா இருக்கு, கண்ணு மட்டும் ஓரமா விலையைப் பாக்குது. அவ பாக்குற இடத்தைத்தான் நாமளும் பாப்போம். இங்க நம்பர் வலது பக்கம் கீழ. அவ பாக்குறது இடது பக்கம், போஸ்டருக்கு வெளியே."

சிறிது நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போஸ்டரில் கண் பட்டவர்கள் எல்லோரும் அடுத்த நொடியே அவள் பார்த்த பக்கம் பார்த்தார்கள். அங்கே பிஸ்கட் விளம்பரம் இருந்தது. அழகான வேலை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வருவது போல.

"இது தெரியாம நடந்த தப்பு இல்லடா. ஒரு போஸ்டரை எப்படியெல்லாம் கெடுக்கக் கூடாதோ, அப்படியெல்லாம் பாத்துப் பாத்துக் கெடுத்திருக்கு. எப்படிச் செஞ்சா ஜனங்க பாப்பாங்கன்னு நல்லாத் தெரிஞ்ச கை. அவ கிடைக்கக் கூடாதுன்னு நினைக்கிற கை."

தன் மூளையை நினைத்து அரை வக்கீலுக்கே பூரித்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

போஸ்டரைச் செய்தது ஒரு பெண் டிசைனர். ஆறு வருடமாக மெத்தைக் கடையின் எல்லா விளம்பரமும் அவளுடையதுதான். டயர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். மத்தியானத்தில் அங்கேயே நாலைந்து பேருக்கு வகுப்பும் எடுக்கிறாள். மாடிப்படி ஒன்றுதான், அதுவும் ஒரு ஆள் அகலம். கொசு பக்கவாட்டில் ஏறினான், ஏறிக்கொண்டே செல்போனில் ஏதோ தட்டினான்.

உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டிசைனர் நரைத்த முடியைப் பென்சிலால் சொருகியிருந்தாள். போர்டில் ஒரு குழந்தையின் படம். அதன் நெற்றியில் பால் பவுடரின் பெயர் எழுதியிருந்தது. முகத்தின் மேல் எழுத்து வைப்பது ஆளின் வாயைப் பொத்துவது போல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்து நிற்க அமைதியான இடம் வேண்டும், வானமோ சுவரோ. அது இல்லாவிட்டால் பின்னால் ஒரு பட்டை போடு, அல்லது படத்தை மங்கலாக்கு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சும் கேட்காது, அதனால் படம் கத்தினால் எழுத்து மெதுவாகப் பேசட்டும்.

இரண்டு பேரும் உட்கார இடம் தேடினார்கள். முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டாள். கனத்த ஃப்ரேம் போட்ட கண்ணாடி, கொஞ்சம் கோணலான மூக்கு, கன்னத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கொசு உட்கார்ந்ததும் பெஞ்ச் முனகியது. நான் வந்தால் டிசைனில் காலி இடம் இருக்காது என்று அவளிடம் சொன்னான். அவள் மரியாதைக்குக் கூடச் சிரிக்கவில்லை.

அரை வக்கீல் சட்டைப் பையிலிருந்து முதலாளி கொடுத்த ஃபோட்டோவை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டு, டிசைனரைத் தனியாகப் பேசக் கூப்பிட்டார். அலமாரித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அங்கே போய் நின்றார்கள். கொசுவும் போனான்.

அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். மஞ்சள், சின்னம், வெள்ளையில் வெள்ளை, திருப்பிய முகம். டிசைனர் மாணவனின் பயிற்சித்தாளைப் பார்ப்பவள் போலக் கேட்டாள். வேண்டுமென்றே மோசமான தாளில் அச்சடிக்கச் சொன்னதை விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொடுத்தாள். ஒரு மழை பெய்தால் ஊறி விழுந்துவிடும்.

"அவரு சின்னத்தைப் பெருசு பண்ணச் சொன்னாரு. பழைய கலர்லயே இருக்கட்டும்னாரு. பாதி வேலையை அவரே செஞ்சு குடுத்துட்டாரு சார். மீதியைத்தான் நான் செஞ்சேன்."

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். போலீஸை வச்சுக் கேக்கணுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தாள். பஸ்ஸில் பார்த்த அதே படம். மேலே எழுத்து, நடுவில் தலையணை, கீழே பெண். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வைத்திருந்ததை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விலை போயிற்று. தலையணை போயிற்று. தலையணை இருந்த இடத்தில் அவளுடைய கை இருந்தது. அதன் மேல் இன்னொரு கை, மோதிரம் போட்ட ஆண் கை, சதை பிதுங்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தது. மேலே அவள் அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவுக்குச் சிரின்னு அவரு சொல்ற விதம் அது. தலையணை நான் வச்சது. ஆறு வருஷமா அந்தக் கையை மறைச்சிட்டு, அதுக்கு மேல மெத்தை வித்தேன்."

அடுத்த கழற்றலில் கண்ணுக்குக் கீழே ஒரு நீலம் தெரிந்தது. அடுத்ததில் மூக்கு வளைந்தது. உதடு கிழிந்தது. அடுத்தடுத்து அவள் திறந்த மற்ற வருடப் படங்களிலும் ஒவ்வொன்று. எல்லாவற்றையும் டச்சிங் செய்து மறைத்து, முதல் வருடத்து முகத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொடுத்திருக்கிறாள். கொசு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரடியிலிருந்து தன் புத்தியை மெச்சிக்கொண்டே வந்ததை நினைத்து அரை வக்கீல் கூசினார்.

"மச்சம் இப்ப கிடையாது சார். போன வருஷம் சிகரெட்டால அதைப் பொசுக்கிட்டாரு. அப்புறம் வந்த படத்துல எல்லாம் நான்தான் மச்சம் வச்சேன். போஸ்டருக்கு அங்க அடையாளம் சொல்லுங்கன்னேன். இடது கன்னத்துல மச்சம்னாரு. யோசிக்கவே இல்ல. தான் பொசுக்குனது கூட ஞாபகம் இல்ல அவருக்கு. பஸ்ல இருக்குற படம்தான் அவருக்கும் பொண்டாட்டி."

அரை வக்கீல் மெதுவாகத் திரும்பி, தடுப்பின் இடுக்கு வழியாகப் பெஞ்சைப் பார்த்தார். ஒட்ட வெட்டிய முடி. கோணல் மூக்கு. கன்னத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம். சட்டைப் பையில் அவளுடைய ஃபோட்டோவை வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் தலையைக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள், கோடு எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தது.

டிசைனர் குரலைத் தாழ்த்தினாள். இன்னும் நாலு நாள். வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் அந்தப் பெண்ணுக்காக வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். எழுத்துக் கோர்க்கிற அளவுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், பிழைத்துக்கொள்வாள்.

"நீங்க எதையும் பாக்கலைன்னு போயிடுங்க சார். உங்களால முடியும்."

முடியும்தான். அரை வக்கீல் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். தப்பான வழி, டிசைன் கோளாறு, வாங்கிய பணம் வாபஸ். அதைச் சொல்லக் கொசுவின் பக்கம் திரும்பியவர் அவன் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நீங்கதான சார் சொன்னீங்க, முதலாளிக்கு அப்பப்ப தகவல் சொல்லிடுன்னு."

"என்ன சொன்ன?"

"படத்தைத் திருப்புனது டிசைனர், ஆளு எங்கேன்னு அந்தம்மாவுக்குத் தெரியும், அங்கதான் போறோம்னு." கொசு செல்போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "சார் மூளையே மூளைன்னு வேற போட்டேன்."

கீழே டயர் கடைக்காரரிடம் யாரோ இதமாக வழி கேட்பது மேலே வரை கேட்டது. பிறகு ஒற்றைப் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

முதலாளி இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். வகுப்பைக் கெடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னார். அரை வக்கீல் முந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று, தம்மிடம் இருந்த பொய்களை எல்லாம் நல்லபடியாகவே சொன்னார். அச்சகத்தில் நடந்த தவறு. படம் தானாகத் திரும்பியது. இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வாருங்கள், கீழே போய்ப் பேசலாம். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டபடியே அவர் கண் பெஞ்சில் ஒவ்வொரு முகமாகப் போயிற்று. ஒட்ட வெட்டிய முடியின் மேல் நின்றது, தாண்டியது, அடுத்த ஆளுக்குப் போயிற்று. அடையாளம் தெரியவில்லை. கட்டிய மனைவியை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அரை வக்கீலுக்கு மூச்சு வந்தது. முதலாளி கிளம்புகிறவர் போல வாசல் பக்கம் திரும்பினார். திரும்பியபடி, யாரையும் பார்க்காமல், காப்பி கேட்கிற தொனியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"எந்திரி."

பெஞ்ச் நகர்ந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. ஸ்கேல் கையில் இருந்தது. மற்ற மாணவர்கள் எதுவும் புரியாமல் அவளை அண்ணாந்து பார்த்தார்கள்.

"முடியை இப்படிப் பண்ணிட்டியே," என்றார் முதலாளி, நிஜமாகவே வருத்தப்பட்டு. பிறகு டிசைனரிடம், "அடுத்த மாச விளம்பரத்துக்கு ஃபோட்டோ அனுப்புறேன்மா. இந்தத் தடவை டச்சிங் வேலை நிறைய இருக்கும்" என்றார்.

டிசைனர் அவளைப் பார்த்து நீ போக வேண்டாம் என்றாள். அவள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. மடியிலிருந்து விழுந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

அரை வக்கீல் வாசலை மறித்து நின்றார். அவளுக்கு இஷ்டம் இல்லாமல் யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது, சட்டம் அப்படி இல்லை என்றார். சட்டத்தில் அவர் படித்திருந்த பாதியில் அது இருந்தது. குரல் உறுதியாகவே வந்தது. கொசுவும் வந்து பக்கத்தில் நின்றான், அவன் நின்றால் அந்த வாசலில் காற்றுக் கூடப் போகாது. முதலாளி கோபப்படவில்லை. ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் ஸ்கேலைப் போர்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்து அரை வக்கீலின் எதிரே நின்றாள். அழவில்லை. ஆறு வருடத்தில் அவளை யாரும் அவ்வளவு பக்கத்தில், டச்சிங் இல்லாமல் பார்த்திருக்க மாட்டார்கள்.

"வழி விடுங்க சார். நீங்க இங்க நிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் வீட்டுல நான்தான் பதில் சொல்லணும்."

அரை வக்கீல் கொசுவின் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். பிறகு தானும் வழிவிட்டார்.